வாங்கிய பிறகும் கம்பெனியின் கை உள்ளேதான் இருக்கிறது

கேள்வி இதுதான்: "புதிதாக ஒரு போனோ டிவியோ வாட்ச்சோ வந்தால் ஒருவர் 'இதை விட்டால் வேறு கிடையாது' என்கிறார். இன்னொருவர் 'எல்லாக் கம்பெனியும் ஏமாற்றுகிறது, பழைய போனை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள், நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறார்கள்' என்கிறார். இதில் எது உண்மை? யார் பேச்சைக் கேட்டு வாங்குவது?"

சாதனங்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் வேலையில் பதினைந்து வருடங்களாக இருக்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு பேச்சும் கிட்டத்தட்ட தினமும் காதில் விழும், சில நாள் ஒரே ஆளின் வாயிலிருந்தே. இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. கம்பெனிகள் மேல் மக்களுக்கு இருக்கும் சந்தேகம் பெரும்பாலும் நியாயமானது. ஆனால் விரல் நீட்டும் இடம் ஒரு சாண் தள்ளிப் போய்விடுகிறது. அந்த ஒரு சாணால் கம்பெனி எளிதாகத் தப்பித்துக்கொள்கிறது. பழைய போன் மெதுவாகிற கதையிலிருந்தே தொடங்குகிறேன். அதில் என்ன நடந்தது என்பது ஒளிவுமறைவில்லாமல் வெளியே வந்துவிட்டது.

2017 ஜனவரியில் ஆப்பிள் தன் ஐபோன்களுக்கு ஐஓஎஸ் 10.2.1 என்ற அப்டேட்டை அனுப்பியது. அதற்கு முன்பு ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்த பலருக்கு ஒரு தொல்லை இருந்தது. பேட்டரி முப்பது, நாற்பது சதவீதம் காட்டும்போதே போன் திடீரென்று அணைந்துபோகும். அப்டேட்டுக்குப் பிறகு அது பெருமளவு நின்றுபோனது. எப்படி நின்றது என்று அந்தச் சமயத்தில் யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் டிசம்பரில் ஒரு பயனர், பேட்டரியை மாற்றியதும் தன் பழைய போன் மறுபடி வேகமாகிவிட்டதாக இணையத்தில் எழுதினார். கீக்பெஞ்ச் என்ற வேகமானி மென்பொருளைச் செய்யும் ஜான் பூல் தன்னிடம் இருந்த ஆயிரக்கணக்கான அளவீடுகளை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். ஒரே மாடல் போன்கள், சில வேகமாக, சில மெதுவாக, இடையிடையே படிக்கட்டு மாதிரி. தானாக நடந்திருந்தால் அப்படி வராது. சில நாட்களில் ஆப்பிள் ஒத்துக்கொண்டது. பேட்டரி வயதான போன்களில் பிராசசரின், அதாவது போனின் மூளையான சில்லின், உச்ச வேகத்தைக் குறைக்கிறோம் என்றது.

"பார்த்தாயா, நான் சொன்னேனே!" என்று ஊரே சொன்னது. அதில் பாதிதான் சரி. லித்தியம் அயான் பேட்டரி ஒவ்வொரு சார்ஜிலும் கொஞ்சம் கொஞ்சமாக மூப்படையும். அதன் கொள்ளளவு குறைவது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அதன் உள் மின்தடை கூடுவது. பிராசசர் ஒரு நொடி முழு மூச்சில் ஓடும்போது அதிக மின்னோட்டம் கேட்கும். உள் தடை கூடிய பேட்டரியில் அந்த நொடி மின்னழுத்தம் சட்டென்று சரியும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், உள்ளே இருக்கும் சில்லுகளைக் காப்பாற்ற போன் தன்னை அணைத்துக்கொள்ளும். குளிரில் இது இன்னும் மோசம். ஆக, உச்ச வேகத்தைக் குறைத்தால் திடீர் அணைப்பு நிற்கும். பொறியியலாகப் பார்த்தால் அது நல்ல தீர்வு. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

செய்திருக்கவே கூடாதது, சொல்லாமல் விட்டது. "உங்கள் பேட்டரி மூப்படைந்துவிட்டது, மாற்றினால் வேகம் திரும்பும்" என்று திரையில் ஒரே ஒரு வரி வந்திருந்தால் போதும். அது வராததால் லட்சக்கணக்கானவர்கள் போனுக்கே வயதாகிவிட்டது என்று நினைத்தார்கள். அதில் எத்தனை பேர் புதிதாக வாங்கினார்கள் என்று கணக்கில்லை. ஆனால் ஒரு தடயம் இருக்கிறது. ஆப்பிள் 2017 டிசம்பர் 28 அன்று மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக ஒரு வருடத்துக்குக் குறைத்தது. 2019 ஜனவரி தொடக்கத்தில் அதன் தலைவர் டிம் குக், எதிர்பார்த்ததைவிட வருமானம் குறையும் என்று முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன காரணங்களில் ஒன்று, மக்கள் மலிவாகப் பேட்டரி மாற்றிக்கொண்டது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. வேண்டியது பேட்டரி மட்டும்தான் என்று தெரிந்தவுடன் மக்கள் அதை மட்டும் மாற்றினார்கள் என்பதுதானே அதற்கு அர்த்தம்?

பிறகு 2020 இல் பிரான்ஸ் நுகர்வோர் ஆணையம் 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. காரணத்தைக் கவனியுங்கள்: பயனருக்குத் தெரிவிக்காதது. அமெரிக்க வழக்கில் 500 மில்லியன் டாலர் வரை தர ஆப்பிள் சம்மதித்தது. இத்தாலி 2018 இலேயே ஆப்பிளோடு சாம்சங்குக்கும் சேர்த்து அபராதம் போட்டது. சாம்சங்குக்கு அது, தன் பழைய நோட் 4 போன்களுக்கு அவை தாங்காத அப்டேட்டைத் தள்ளியதற்காக. ஒரு கம்பெனியின் தனிக் குணம் என்று இதை நினைக்க வேண்டாம். இன்று போனின் அமைப்புகளில் பேட்டரியின் ஆரோக்கியத்தை நீங்களே பார்க்க முடிகிறதென்றால், அந்தக் கூச்சலும் வழக்குகளும்தான் காரணம்.

இப்போது அந்த ஒரு சாண் எங்கே என்று தெரிகிறதா? "வேண்டுமென்றே கெட்டுப்போகச் செய்கிறார்கள்" என்று குற்றம் சாட்டினால், "இல்லை, அணைந்துபோகாமல் காப்பாற்றினோம்" என்று பதில் சொல்லிவிட முடியும். அது பொய்யும் இல்லை. "என் கையில் இருக்கும், நான் காசு கொடுத்து வாங்கிய பொருளின் நடத்தையை என்னிடம் சொல்லாமல் ஏன் மாற்றினாய்?" என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது.

புதிய சாதனங்களைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் நான் தேடுவது இந்தக் கேள்வியைத்தான். முன்பெல்லாம் ஒரு ரேடியோவையோ மின்விசிறியையோ விற்றவுடன் கம்பெனியின் வேலை முடிந்தது. நல்லதோ கெட்டதோ, வாங்கிய அன்று இருந்த குணம்தான் கடைசி வரை. இப்போது விற்ற பிறகும் கம்பெனியின் கை பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கை நல்லதும் செய்யும். ராத்திரி நீங்கள் தூங்கும்போது ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும், கேமராவை மேம்படுத்தும். அதே கை ஒரு வசதியைப் பிடுங்கவும் செய்யும், பொருளையே அணைக்கவும் செய்யும். ஆனால் நாம் பேசிக்கொள்வதெல்லாம் மெகாபிக்சல், ராம், திரை என்று வாங்கிய அன்றைய குணத்தைப் பற்றியே இருக்கிறது. மூன்றாம் வருடம் அந்தக் கை என்ன செய்யும் என்பதைப் பற்றிப் பேச்சே வராது.

வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் போனிலிருந்து இயக்க ரிவால்வ் என்று ஒரு பெட்டி இருந்தது. சுமார் 300 டாலர். வாழ்நாள் சேவை உண்டு என்று சொல்லி விற்றார்கள். 2014 இல் அந்தக் கம்பெனியைக் கூகுளின் கையில் இருந்த நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம், அந்தப் பெட்டி இயங்க நம்பியிருந்த சர்வரை, அதாவது கம்பெனியின் பக்கம் இருந்த கணினியை, அணைத்தார்கள். பெட்டியில் ஒரு ஸ்க்ரூகூடக் கழலவில்லை, ஆனால் அன்று முதல் அது வெறும் பிளாஸ்டிக். வாழ்நாள் என்று அவர்கள் சொன்னது யாருடைய வாழ்நாள் என்று வாங்கும்போது ஒருவரும் கேட்கவில்லை.

ஹியூமேன் என்ற கம்பெனியின் ஏஐ பின் இதைவிட வேகமாக முடிந்தது. ஆப்பிளில் வேலை பார்த்தவர்கள் தொடங்கிய கம்பெனி. சட்டையில் குத்திக்கொள்ளும் சாதனம், போனுக்கே மாற்று என்றார்கள். விலை 699 டாலர், அதற்கு மேல் மாதச் சந்தா 24 டாலர். 2024 ஏப்ரலில் கைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் கம்பெனியின் பெரும்பகுதியை ஹெச்பி 116 மில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்த பத்தே நாளில், பிப்ரவரி 28 அன்று, எல்லாப் பின்களும் சர்வர் தொடர்பை இழந்தன. கடைசி 90 நாட்களுக்குள் அனுப்பப்பட்டவற்றுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைத்தது. ஆர்வத்தோடு முதல் நாளே வாங்கி அந்தக் கம்பெனியை நம்பியவர்களுக்கு ஒன்றும் இல்லை. முந்தி வாங்குபவர்களைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான். அவர்கள் இல்லையென்றால் எந்தப் புதுப் பொருளும் இரண்டாம் தலைமுறைக்கு வராது. அவர்களை இப்படி விட்டுப்போவதுதான் அநியாயம்.

இதே மாதிரி மூடல்களில் கௌரவமாக நடந்தவையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கூகுள் தன் ஸ்டேடியா விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரி 18 அன்று மூடியது. ஆனால் வாங்கிய கருவிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதோடு நிற்காமல், கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் வீணாகாதபடி, அதில் ப்ளூடூத்தைத் திறந்துவிடும் வழியையும் கொடுத்தது. அவை இன்றும் கணினியோடு சேர்ந்து வேலை செய்கின்றன. பெப்பிள் என்ற ஸ்மார்ட் வாட்ச் கம்பெனி 2016 இல் மூடியபோது, அதை வாங்கிய ஃபிட்பிட் 2018 ஜூன் வரை சர்வரை ஓடவிட்டது. பிறகு பயனர்களே ரெபிள் என்று குழு அமைத்துத் தாங்களே சேவையை நடத்தினார்கள். 2025 ஜனவரியில், ஃபிட்பிட்டை வாங்கியிருந்த கூகுள், பெப்பிளின் மூல நிரலின் பெரும்பகுதியை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து கொடுத்தது. கம்பெனி செத்தாலும் பொருள் சாக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆக, எல்லாக் கம்பெனியும் ஒன்றுதான் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஒரே கம்பெனிகூட எல்லா நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. ரிவால்வை அணைத்த பக்கத்திலும் கூகுள் இருந்தது, ஸ்டேடியா பணத்தைத் திருப்பிய பக்கத்திலும் அதுவே இருந்தது.

கம்பெனி மூடாமலே இது நடக்கும். சோனோஸ் ஸ்பீக்கர்கள் நல்ல உழைப்பு உள்ளவை, பத்து வருடத்துக்கு மேல் பாடும். 2024 மே மாதம் அந்தக் கம்பெனி தன் ஆப்பை முழுதாக மாற்றி எழுதி வெளியிட்டது. அலாரம், தூக்க நேர டைமர் போன்ற சாதாரண வசதிகள்கூட அதில் இல்லை. ஸ்பீக்கர் அதே ஸ்பீக்கர்தான், முந்தைய நாள் செய்த வேலையை அடுத்த நாள் செய்யவில்லை. பழைய ஆப்புக்குத் திரும்ப வழியும் கிடையாது. மாதக்கணக்கில் புகார் ஓயவில்லை. 2025 ஜனவரியில் கம்பெனியின் தலைவரே பதவி விலக வேண்டி வந்தது. அந்தச் சமயத்தில் என்னிடம் "ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு" என்று கொண்டு வந்தவர்களுக்கு, கெட்டது இதற்குள்ளே இல்லை என்று விளக்குவது எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? திறந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். நான் சரிசெய்ய அங்கே ஒன்றும் இருக்காது.

அடுத்து ஒட்டுக் கேட்பது. "நேற்று செருப்பைப் பற்றிப் பேசினேன், இன்று செருப்பு விளம்பரம் வருகிறது" என்று சொல்லாதவர் யார்? 2018 இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து குரலை அனுப்பும் ஆப் ஒன்றும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் திரையில் நீங்கள் செய்வதைப் படம்பிடித்து மூன்றாவது ஆளுக்கு அனுப்பும் ஆப் கிடைத்தது. தேடல், இருக்கும் இடம், நண்பர்கள் என்ன பார்த்தார்கள், எந்தத் தளத்தில் எத்தனை நொடி நின்றீர்கள் என்பதையெல்லாம் சேர்த்தாலே உங்களுக்குச் செருப்பு வேண்டும் என்று கணித்துவிடலாம். அதற்கு மைக் தேவையே இல்லை. இதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது.

குரல் விஷயத்தில் கம்பெனிகள் சுத்தம் என்றும் நான் சொல்லவில்லை. குரலைக் கேட்டுப் பதில் சொல்லும் ஆப்பிளின் சிரி, அமேசானின் அலெக்சா, கூகுள் அசிஸ்டன்ட் மூன்றிலும் பதிவான பேச்சில் ஒரு பகுதியை மனிதர்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது 2019 இல் வெளியே வந்தது. தரத்தை மேம்படுத்த என்றார்கள். அழைக்காமலே தவறுதலாக விழித்துக்கொண்டு பதிவு செய்தவையும் அதில் இருந்தன. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. பின்னால் 95 மில்லியன் டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது. குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததற்காக அமேசான் 2023 இல் அமெரிக்க வணிக ஆணையத்தோடு 25 மில்லியன் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. இங்கேயும் அதே ஒரு சாண்தான். விளம்பரத்துக்காகச் சதா ஒட்டுக் கேட்கிறார்கள் என்பதற்குச் சான்று இல்லை. பதிவானதை யார் கேட்டார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று சொல்லவில்லை என்பதற்குச் சான்று ஏராளம்.

போனைச் சந்தேகிக்கும் நேரத்தில் பாதியையாவது டிவிக்குக் கொடுங்கள் என்பேன். விசியோ என்ற டிவி கம்பெனி 1.1 கோடி டிவிகளில் திரையில் என்ன ஓடுகிறது என்பதை நொடிக்கு நொடி கவனித்து, அந்தத் தகவலை விற்றது. 2017 இல் 2.2 மில்லியன் டாலர் கட்டி அந்த வழக்கை முடித்தது. இது தானாக உள்ளடக்கத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பம். திரையின் சில புள்ளிகளை எடுத்து ஒரு பெரிய பட்டியலோடு ஒப்பிடும். கேபிள், டிவிடி, பென் டிரைவ் எதிலிருந்து ஓடினாலும் அதற்குத் தெரியும். 2021 இன் பிற்பகுதியில் அதே கம்பெனியின் காலாண்டுக் கணக்கில், விளம்பரமும் தரவும் தந்த லாபம் டிவி விற்ற லாபத்தைத் தாண்டிவிட்டது. பெரிய டிவி ஏன் இவ்வளவு மலிவாகிவிட்டது என்று கேட்பவர்களுக்குப் பதிலின் ஒரு பகுதி அந்தக் கணக்கில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட் டிவியிலும் இதை நிறுத்தும் பொத்தான் உண்டு. பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், "பார்க்கும் தகவல்" என்பது போல எதிலாவது ஒளிந்திருக்கும். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய்ப் பொறுமையாகத் தேடுங்கள். பத்து நிமிட வேலை.

சரி, வாங்கும்போது கேட்கும் பேச்சுக்கு வருவோம். மெகாபிக்சல் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 108 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். 200 என்றால் பதினாறைச் சேர்த்து 12.5. 2015 இன் ஐபோன் 6எஸ்ஸிலிருந்து 2021 இன் ஐபோன் 13 வரை முக்கியக் கேமரா 12 மெகாபிக்சலிலேயே இருந்தது, ஆனால் அந்த ஆறு வருடத்தில் படம் எங்கேயோ போய்விட்டது. வித்தியாசம் சென்சாரின் பரப்பளவிலும் லென்சிலும் அதற்குப் பின்னால் ஓடும் கணக்கிலும் இருக்கிறது. எண்ணைப் பார்த்து வாங்குவதற்குப் பதில், இருட்டான அறையில் ஓடும் குழந்தையைப் படம் எடுத்துப் பாருங்கள். அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நாளை வரப்போவதாகச் சொல்லும் வசதிக்காக இன்று காசு கொடுக்காதீர்கள். 2024 ஜூனில் ஆப்பிள், உங்கள் மெயிலையும் மெசேஜையும் புரிந்துகொண்டு பதில் சொல்லும் புதிய சிரியை மேடையில் காட்டியது. செப்டம்பரில் வந்த ஐபோன் 16 ஐ அந்த ஏஐ வசதிகளை முன்னிறுத்தித்தான் விளம்பரப்படுத்தினார்கள். 2025 மார்ச்சில், அந்தச் சிரிக்கு இன்னும் காலம் ஆகும் என்று சொல்லி, அதைக் காட்டிய விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். போன் நல்ல போன்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சிரிக்காக வாங்கியவர் வாங்கியது ஒரு வாக்குறுதியை. 2010 வாக்கில் எல்லா டிவி கம்பெனியும் 3டி இல்லாமல் இனி வீடே இல்லை என்றன. 2017 இல் எல்ஜியும் சோனியும் கைவிட்டதோடு அது முடிந்தது. இரண்டுக்கும் ஒரே சோதனைதான்: இன்றைக்குக் கையில் எடுத்து, எனக்கு வேண்டிய வேலையைச் செய்கிறதா?

இந்தச் சோதனையில் புதுப் பொருள் வெல்லும் இடங்களும் நிறைய உண்டு. வெல்லும்போது மனதாரப் பாராட்ட வேண்டும். 2009 இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் வந்தது. தொடுதிரை என்றாலே பார்வையற்றவர்களுக்குக் கதவு மூடிய பொருள் என்று எல்லோரும் நினைத்த காலம். கண்ணாடியில் விரல் போகும் இடத்தைக் குரலால் படித்துக் காட்டி, அந்தக் கதவைத் திறந்தார்கள். அதற்காகத் தனிச் சாதனம் வாங்க வேண்டாம், கூடுதல் காசு வேண்டாம். எல்லோர் கையிலும் இருக்கும் அதே போன். என்னிடம் போன் சரிசெய்ய வரும் பார்வையற்ற நண்பர் ஒருவர் அதில் தட்டும் வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்காது. "இந்தக் கம்பெனிகள் ஒன்றும் கண்டுபிடிப்பதில்லை, பழையதையே திருப்பி விற்கிறார்கள்" என்று சொல்பவர்களிடம் நான் அவரைப் பற்றித்தான் சொல்வேன்.

கம்பெனிக்காகச் சண்டை போடுவது எனக்கு எந்தக் காலத்திலும் புரிந்ததில்லை. 2016 இல் ஐபோன் 7 இல் ஹெட்போன் துளையை எடுத்தார்கள். அந்த வருடமே கூகுள் தன் பிக்சல் விளம்பரத்தில் எங்களிடம் துளை இருக்கிறது என்று குத்திக்காட்டியது. அடுத்த வருடப் பிக்சலில் துளை இல்லை. 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை என்றதும் சாம்சங் கிண்டல் செய்தது. மூன்று மாதத்தில் வந்த கேலக்சி எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. இரண்டு பக்கமும் நின்று நட்பை முறித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கம்பெனிகள் தங்களுக்குள் அப்படி ஒரு பகையும் வைத்துக்கொள்வதில்லை, ஒருவர் செய்து தப்பித்தால் அடுத்தவரும் செய்வார்.

அதனால்தான் வாங்குபவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்று பேசும்போது பலன் இருக்கிறது. சோனோஸ் ஒருகாலத்தில் "ரீசைக்கிள் மோட்" என்று ஒன்றை வைத்திருந்தது. 30 சதவீதத் தள்ளுபடிக்காக நன்றாக வேலை செய்யும் பழைய ஸ்பீக்கரை நிரந்தரமாக முடக்க வேண்டும். 2019 இறுதியில் எதிர்ப்புக் கிளம்பியது, 2020 மார்ச்சில் கைவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் ரீகால் என்ற வசதியை அறிவித்தது. கணினித் திரையைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படம்பிடித்து நினைவில் வைக்கும். அந்தச் சேமிப்பை எளிதாகத் திருடலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்த மாதமே வெளியீட்டை நிறுத்தினார்கள். ஒரு வருடம் கழித்து வந்தபோது பயனரே விரும்பி இயக்கினால்தான் ஓடும் என்று மாற்றியிருந்தார்கள். பேசிப் பயனில்லை என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். என்ன தவறு என்று துல்லியமாகச் சொன்னதால்தான் நடந்தது.

சட்டமும் மெதுவாக வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதுப் போன்களுக்கு யுஎஸ்பி-சி என்ற பொதுவான சார்ஜிங் துளை கட்டாயம் என்றது. 2023 இலேயே ஐபோன் 15 மாறிவிட்டது, அதுவும் உலகம் முழுவதற்கும். 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் போனுக்கு, அந்த மாடலின் விற்பனையைக் கம்பெனி நிறுத்திய பிறகும் ஐந்து வருடம் மென்பொருள் அப்டேட் தர வேண்டும், ஏழு வருடம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு காட்ட வேண்டும். கூகுள் 2023 இல் பிக்சல் 8 க்கும், சாம்சங் 2024 தொடக்கத்தில் கேலக்சி எஸ்24 க்கும் ஏழு வருட அப்டேட் என்று சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பத்து வருடத்துக்கு முன்பு ஆண்ட்ராய்டில் இரண்டு வருடம் கிடைத்தாலே பெரிய விஷயம். பழுதுபார்ப்பவனாக எனக்கு இன்னும் நிறைவேறாத ஆசை ஒன்று உண்டு. சில போன்களில் ஒரிஜினல் உதிரிபாகத்தையே இன்னொரு போனிலிருந்து எடுத்துப் பொருத்தினாலும், கம்பெனியின் அனுமதி இல்லாமல் முழுதாக வேலை செய்யாது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2024 இல் அதைத் தடுக்கும் சட்டம் போட்டது. இது எல்லா இடத்துக்கும் வர வேண்டும்.

அப்புறம், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். வெளியான வாரம் வரும் விமர்சனங்களை நான் படிப்பேன், ஆனால் அவை சொல்வது முதல் வாரத்தைப் பற்றி மட்டும். 2019 ஏப்ரலில் சாம்சங்கின் முதல் மடிக்கும் போன் விமர்சகர்கள் கையிலேயே சில நாளில் உடைந்தது. அப்படி அபூர்வமாகத்தான் ஒரு வாரம் போதும். பேட்டரி மூப்பு, அப்டேட்டுக்குப் பின் வேகம், சந்தாவாக மாறும் வசதி, உதிரிபாகத் தட்டுப்பாடு எல்லாம் இரண்டு மூன்று வருடம் கழித்துத் தெரிவது. அதனால் புதுப் போன் வாங்க நினைத்தால், அதே கம்பெனியின் மூன்று வருடத்துக்கு முந்தைய மாடலை வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கடைசியாக எப்போது அப்டேட் வந்தது? பேட்டரி மாற்றினாயா, பாகம் கிடைத்ததா? முன்பு இருந்து இப்போது இல்லாத வசதி ஏதாவது உண்டா? இணையம் இல்லாவிட்டால் என்னென்ன நின்றுபோகும்? வீட்டுச் சாதனங்களுக்குக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. ரவுட்டரை அணைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும். எரியாத விளக்கை நான் என் வீட்டில் மாட்டுவதில்லை.

உங்கள் இப்போதைய போன் மெதுவாக இருப்பதால்தான் இந்தக் கேள்வியே வந்தது என்றால், புதிது பார்ப்பதற்கு முன் அமைப்புகளில் பேட்டரி ஆரோக்கியத்தைப் பாருங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். அடுத்து சேமிப்பிடம். அது விளிம்புவரை நிறைந்திருந்தால் எழுதுவதற்குக் காலி இடம் தேடியே போன் திணறும். பழைய வீடியோக்களை வேறிடத்துக்கு மாற்றி, ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வையுங்கள். இரண்டும் செய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் திணறினால், அல்லது பாதுகாப்பு அப்டேட் நின்று வெகுநாள் ஆகியிருந்தால், அப்போது புதிது வாங்குங்கள். எந்த மாடல் என்று சொன்னால் அதன் பாகங்கள் எப்படி, திறப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.